எண்ணெய்க் கிண்ணம்

"சாமி, இந்த வருசம் தீபாவளியே வேணாம்னு வச்சிட்டேன்"னாரு மாசிலாமணி.

மொட்டைச்சாமி மடத்து வாசல்ல உக்காந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாரு. மாசிலாமணியைவிட வயசுல சின்னவரு. தலையில ஒரு முடி கிடையாது. வாயில ஒரு பதில் கிடையாது. எதைக் கேட்டாலும் திருப்பிக் கேப்பாரு.

"தீபாவளி உங்களைக் கேட்டுட்டா வருது?"

"விளையாடாதீங்க சாமி. அம்மாவுக்கு மறதி நோய் முத்திப்போச்சு. நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சா, 'காலி சிலிண்டர் கொல்லையில இருக்கு, எடுத்துக்கப்பா'ங்குறாங்க."

"எடுத்தீங்களா?"

"சாமி!"

"சரி, சரி. சொல்லுங்க."

"தீபாவளிக்கு அம்மாதான் எங்களுக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பாங்க. முதல்ல எனக்கு, அப்புறம் தங்கச்சிக்கு. எங்களுக்குப் பேரன் பேத்தி எடுக்குற வயசு வந்தும் விட்டதில்ல. போன வருசம், இனிமே நாமதானே செய்யணும்னு அம்மாவை மணையில உக்கார வச்சேன். தோளைப் புடிச்சுக்கிட்டு உச்சந்தலையில எண்ணெயை ஊத்தினேன்."

"ம்."

"'ஐயோ, எவனோ கொல்றான்'னு ஒரு கத்து. தெருவே கூடிப்போச்சு. அன்னிக்குப் பூரா கட்டிலுக்கு அடியில கிடந்தாங்க. வெளிய ஒரு வெடி வெடிச்சா, உள்ள ஒரு அலறல்."

சாமி கீரையைப் பாத்துக்கிட்டே இருந்தாரு.

"தங்கச்சி பக்கத்து டவுன்லதான் இருக்கா. 'அண்ணே, வரேன், அம்மாகூட இன்னும் ஒரே ஒரு தீபாவளி'ங்குறா. வராதேன்னுட்டேன். போன்லயே அழுவுறா. நான் என்ன பண்ணுவேன்? அவங்க இருக்காங்க சாமி. எங்க அம்மாவைத்தான் காணோம்."

சாமி கீரையைக் கீழ வச்சாரு.

"எண்ணெய்க் கிண்ணம் யாரு கையில இருந்துச்சு?"

"என் கையிலதான்."

"ம்."

மறுபடியும் கீரையை எடுத்துக்கிட்டாரு. அவ்வளவுதான்.

இதைக் கேக்கவா வெயில்ல வந்தோம்னு மாசிலாமணி விருட்டுனு எழுந்து போயிட்டாரு.

தீபாவளி அன்னிக்கு விடியுறதுக்குள்ள யாரோ கதவைத் தட்டுனாங்க. திறந்தா மொட்டைச்சாமி. தோள்ல ஒரு துண்டு.

"எண்ணெய் காய்ச்சியாச்சா?"

"அதான் தீபாவளி இல்லைன்னேனே."

"உங்களுக்கு இல்ல. எனக்கு உண்டு."

சாமியை வாசல்ல நிக்க வைக்க முடியுமா? நல்லெண்ணெய்ல மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சினாரு மாசிலாமணி. வாசனைக்கு அம்மா எழுந்து வந்துட்டாங்க.

சாமி ஆறுன எண்ணெயைக் கிண்ணத்துல வாங்கினாரு. அம்மா கையில குடுத்தாரு. மணையைப் போட்டு முன்னாடி உக்காந்து தலையைக் குனிஞ்சாரு.

"சாமி, மொட்டைத் தலைக்கு எதுக்கு..."ன்னு மாசிலாமணி முணுமுணுத்தாரு.

சாமி நிமிரவே இல்ல.

அம்மா கிண்ணத்தைப் பாத்தாங்க. தலையைப் பாத்தாங்க. விரல் தானா எண்ணெய்ல இறங்குச்சு. முதல்ல தரையில மூணு பொட்டு. அது அவங்க வழக்கம். அப்புறம் உச்சந்தலையில ஒரு கை.

"பாவம், முடியே இல்லையே. விஷக்காய்ச்சல் வந்துச்சா?"

"ஆமாம்மா."

"நல்லாத் தேய்ச்சா முளைச்சிரும்."

"சரிம்மா."

தெருக்கோடியில ஒரு வெடி வெடிச்சுது. அம்மா கை நின்னுச்சு. மாசிலாமணி ஒரு எட்டு முன்னாடி வச்சாரு.

"புள்ளைங்க எழுந்திரிச்சிருச்சுங்க போல"ன்னுட்டு அம்மா மறுபடி தேய்ச்சாங்க.

சாமி எழுந்து ஓரமாப் போயி நின்னுக்கிட்டாரு. மணை காலியா இருந்துச்சு.

"அடுத்தது யாரு?"ன்னாங்க அம்மா.

சாமி உத்தரத்தைப் பாத்தாரு.

மாசிலாமணி உக்காந்தாரு.

பழைய விரல். பழைய அழுத்தம். காதுக்குப் பின்னாடி அதே ஒரு சுத்து.

"யாரு பெத்த புள்ளையோ, தலை இப்படிக் காஞ்சு கிடக்கு. உங்கம்மா எண்ணெய் வைக்க மாட்டாங்களா?"

"வைப்பாங்கம்மா."

"எங்க அவங்க?"

மாசிலாமணி தலையை இன்னும் குனிஞ்சுக்கிட்டாரு.

அம்மா அவரு தாடையைப் புடிச்சுத் தூக்கிப் பாத்தாங்க.

"சீயக்காய் இன்னும் போடவே இல்ல. அதுக்குள்ள என்னப்பா கண்ணு எரியுது?"

முந்தானையால தொடைச்சு விட்டாங்க.

"குளிச்சிட்டுப் போகும்போது கொல்லையில இருக்குற காலி சிலிண்டரை மறந்துடாத."

"மறக்க மாட்டேம்மா."

அம்மா கிண்ணத்துக்குள்ள எட்டிப் பாத்தாங்க. எண்ணெய் பாதிக்கு மேல இருந்துச்சு.

"அடுத்தது யாரு?"

மாசிலாமணி எண்ணெய்க் கையோடயே தங்கச்சிக்குப் போனைப் போட்டாரு.

"பாப்பா, எழுந்துட்டியா? தலைக்குக் குளிக்காம அப்படியே கிளம்பி வா. அம்மா கூப்பிடுறாங்க."