புளித்தண்ணி குடிச்ச டேங்க்

ஒரு ஊர்ல ஒரு மோட்டார் சைக்கிள் இருந்துச்சாம். ராஜா எங்கன்னு கேக்காத. இந்தக் கதையில ராஜா கிடையாது, மோட்டார் சைக்கிள்தான். சரியா?

"ம்."

அந்த ஊரு கடலோரத்துல, உப்பளத்துக்கு நடுவுல இருந்துச்சு. எங்க பாத்தாலும் வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல். அந்த வண்டிக்காரன் பேரு மந்திரமூர்த்தி. அவன் பொஞ்சாதி சந்தனமாரி. ரெண்டு பேரும் சேந்து ஊரு ஊராப் போய் உப்பு விப்பாங்க. வண்டிக்கு ரெண்டு பக்கமும் மூட்டை தொங்கும். முன்னால பெட்ரோல் டேங்க் மேலயும் ஒரு மூட்டை. அவன் ஓட்டுவான், அவ பின்னால உக்காந்து, "உப்போய்... கல்லுப்போய்..." அப்படின்னு ஒரு சத்தம் குடுப்பா. மாடியில துணி காயப்போடுறவங்க கூட கிண்ணத்தோட இறங்கி வந்துருவாங்க. அப்படி ஒரு தொண்டை.

அப்புறம் என்ன ஆச்சு, டேங்க் மேல உக்காந்திருந்த உப்பு மூட்டை சும்மா இருக்குமா? ஈரம் கசிஞ்சு கசிஞ்சு, நறுக் நறுக்னு டேங்க்கைத் தின்ன ஆரம்பிச்சிருச்சு. முதல்ல பெயிண்ட்டைத் தின்னுச்சு. அப்புறம் தகரத்தைத் தின்னுச்சு. உள்ளயும் துரு, வெளியவும் துரு. ஒரு நாள் பாத்தா, அடியில ஊசிமுனை அளவு ஓட்டை. சொட்... சொட்... சொட்னு பெட்ரோல் ஒழுகுது.

"நெருப்புப் பிடிச்சுக்குமா?"

அவசரப்படாத. கேளு.

அதே நேரம் பாத்து சந்தனமாரி மாசமா இருந்தா. மசக்கை. வயித்துல பாப்பா வந்த புதுசுல சில பேருக்கு எதை மோந்தாலும் குமட்டும். இவளுக்கு வேற எதுவும் செய்யல. மீன் வாசம் ஒண்ணும் செய்யாது, கருவாடு ஒண்ணும் செய்யாது. பெட்ரோல் வாசம் மட்டும் ஆகவே ஆகாது. வீடோ ஒத்த அறை வீடு. வண்டியை உள்ள நிறுத்தினா உவ்வே. வெளிய நிறுத்தினா கடல்காத்து வாசத்தைக் கொண்டாந்து உள்ள போடும், அப்பவும் உவ்வே. மந்திரமூர்த்தி பக்கத்துல வந்தாலே உவ்வே, ஏன்னா அவன் காலெல்லாம் பெட்ரோல். ஒரு வாய் சோறு தங்கல. ஆஸ்பத்திரி நர்ஸம்மா பாத்துட்டு, "இப்படியே போனா கையில ஊசி குத்தி குளுக்கோஸ்தான் ஏத்தணும், பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டாங்க.

மந்திரமூர்த்தியும் சும்மா இருக்கல. துணி துவைக்கிற சோப்பை எடுத்து ஓட்டையில அழுத்தித் தேச்சான். ஒழுகல் நின்னுச்சு. ஆகா, நாம பெரிய ஆளுன்னு மீசையைத் தடவிக்கிட்டான். மத்தியான வெயில் அடிச்சுது, சோப்பு கொழகொழன்னு வழிஞ்சுது, மறுபடி சொட் சொட். அப்புறம் கடையில விக்குதே, ரெண்டு உருண்டையைப் பெசஞ்சு ஒட்டுற பசை, அதை ஒட்டினான். பெட்ரோல் ஈரத்து மேல எது ஒட்டும்? பொத்துன்னு விழுந்துச்சு.

அப்போ ஒரு நாள் காலையில சந்தனமாரியோட அம்மா வந்தா. பேரு உலகம்மாள். கையில ஒரு பெரிய பை. மகளைப் பாத்ததும் பையைத் தொப்புன்னு கீழ வச்சா.

"ஏட்டி, கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்தியா? கொக்கு கூட உன்னவிட சதையா இருக்கும்."

சந்தனமாரி சிரிக்கப் பாத்தா, உவ்வே வந்துருச்சு.

உலகம்மாள் மருமகனைத் திரும்பிப் பாத்தா. "மாப்பிள, ஒண்ணு இந்த வீட்டுல அந்த வண்டி இருக்கட்டும். இல்ல எம்மவ இருக்கட்டும். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

மந்திரமூர்த்தி தலையைச் சொறிஞ்சான். "ரெண்டும் இருக்கட்டுமே அத்த."

"அப்ப சாயங்கால பஸ்ஸு வரதுக்குள்ள அந்த ஓட்டைய அடைங்க. இல்லன்னா எம்மவள எங்கூட கூட்டிட்டுப் போயிருவேன். பிள்ளையப் பெத்த பொறவுதான் திருப்பி அனுப்புவேன்."

சந்தனமாரிக்குப் போக மனசில்ல. அம்மா மேல பாசம் இல்லாம இல்ல. அங்க போனா ஒரு கட்டில், ஒரு விசிறி, நாலு சுவரு. நடக்காத, குனியாத, கத்தாத. இங்கன்னா பத்து ஊரு பாக்கலாம், பத்துத் தெருவுல சத்தம் குடுக்கலாம். ஆனா சோறு தங்கலையே, அவ என்ன செய்வா?

"ம்... என்ன செய்வா?"

பையைத் தூக்கிக்கிட்டு அம்மாவோட பஸ் நிக்கிற இடத்துக்கு நடந்தா. மந்திரமூர்த்தி டேங்க்கைக் கழட்டி, சின்னப் பிள்ளையைத் தூக்குற மாதிரி இடுப்புல வச்சுக்கிட்டுப் பின்னாலயே ஓடினான். ஏன்னா பஸ் நிக்கிற இடத்துக்கு எதுத்தாப்லதான் மிக்கேல் அண்ணாச்சியோட வெல்டிங் பட்டறை.

மிக்கேல் அண்ணாச்சிக்கு ஒரு புருவம்தான். இன்னொண்ணு எங்கன்னு கேளு.

"எங்க?"

ஒரு தடவை டேங்க்கைச் சரியாக் கழுவாம நெருப்பு வச்சாரு. பெட்ரோல் தீந்து போனாலும் அதோட ஆவி உள்ள இருக்கும்ல? டமார்! மூடி பறந்து போய்ப் பனைமரத்துல செருகிக்கிச்சு. புருவம் எங்க போச்சுன்னு இன்னும் தெரியல. அதுலருந்து டேங்க்குன்னா அவருக்கு உள்ளுக்குள்ள உதறல். கழுவி, மோந்து பாத்து, வாசமே இல்லன்னாதான் நெருப்பை எடுப்பாரு. ஆனா அவரு மூக்கோ வருஷக்கணக்காப் புகை குடிச்ச மூக்கு. அதுக்கு மல்லியப்பூவும் ஒண்ணுதான், மண்ணெண்ணெயும் ஒண்ணுதான். அதனால வேற யாரையாவதுதான் மோக்கச் சொல்லுவாரு.

முதல் தடவை. சோப்புத் தூளும் சுடுதண்ணியும் ஊத்தி, சளக் சளக்னு குலுக்கிக் கவுத்தாங்க.

"மூர்த்தி, மோந்து பாத்துச் சொல்லுடே."

மந்திரமூர்த்தி மூக்கை டேங்க் வாயில நுழைச்சான். அவன் மூக்குதான் பெட்ரோல்லயே ஊறிப்போன மூக்காச்சே. "ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. சுத்தம்."

மிக்கேல் நெருப்பு பத்த வைக்கிற குச்சியைக் கையில எடுத்தாரு. அப்போ ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து...

"உவ்வே!"

மிக்கேல் கை அப்படியே நின்னுபோச்சு. "ஏ தாயி, இப்ப எதுக்கு ஓங்கரிச்ச?"

"பெட்ரோலு அண்ணாச்சி."

"அம்புட்டுத் தூரத்துலருந்தா?"

"காத்து இங்கதான அடிக்கு."

மிக்கேல் மந்திரமூர்த்தியைப் பாத்தாரு. மந்திரமூர்த்தி பனைமரத்தைப் பாத்தான். "இனிமே உம் மூக்கு வேண்டாம்டே. உம் பொஞ்சாதி இல்லன்னு சொன்னாதான் நான் நெருப்பைத் தொடுவேன்."

உலகம்மாளுக்குச் சுருக்குன்னு வந்துருச்சு. "எம்மவ என்ன மோப்ப நாயா?"

"நாய்க்கு ஏது ஆச்சி இந்த மூக்கு?"

"யாருக்கு யாரு ஆச்சி? உமக்கும் எனக்கும் ஒரே வயசுதான் இருக்கும்."

"விடும்மா," சந்தனமாரி முந்தானையால வாயைத் தொடச்சா. "பக்கத்துல போகல. இங்க உக்காந்தே சொல்லுதேன்."

ரெண்டாவது தடவை. தண்ணியைக் கொதிக்கக் கொதிக்க ஊத்தி, நிரப்பி வச்சு, கொஞ்ச நேரம் கழிச்சுக் கவுத்தாங்க. கொளக் கொளக் கொளக். அதுக்குள்ள பொழுது சரிஞ்சுபோச்சு. தூரத்துல உப்பளத்து ரோட்டுல புழுதி கெளம்புது. பஸ்ஸு.

"என்ன தாயி, வருதா?"

சந்தனமாரி மூச்சை இழுத்தா. வருது. நல்லா இல்ல, எறும்பு ஊருற மாதிரி லேசா. அவளுக்கு மட்டும்தான் தெரியும், வேற யாருக்கும் தெரியாது. மிக்கேல் முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டு மந்திரமூர்த்தி கண்ணைக் கண்ணைச் சிமிட்டுறான். இல்லன்னு சொல்லு, இல்லன்னு சொல்லுன்னு தலையை ஆட்டுறான். அவ இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மிக்கேல் நெருப்பை எடுப்பாரு, ஓட்டை அடையும், பஸ் வெறுமனே போயிரும். அவ இங்கேயே இருக்கலாம்.

ஆனா நெருப்பு வைக்கும்போது டேங்க்கை ரெண்டு முழங்காலுக்கு நடுவுல இடுக்கிப் பிடிக்கப் போறது மந்திரமூர்த்திதான். அவனோட ரெண்டு புருவத்தையும் அவ பாத்தா. மிக்கேலோட ஒத்தைப் புருவத்தையும் பாத்தா.

அப்போ என்ன சொன்னா தெரியுமா?

"இல்லன்னு சொன்னாளா?"

"இருக்கு அண்ணாச்சி. கொஞ்சூண்டுதான். ஆனா இருக்கு."

சொல்லிட்டு, குனிஞ்சு அவளே பையை எடுத்துக்கிட்டா. மந்திரமூர்த்தி தரையில உக்காந்துட்டான்.

பாம் பாம்னு பஸ் வந்து நின்னுச்சு. உலகம்மாள் மகளுக்கு முன்னால ஏறப் போனா. ஒரு கால் படியில, ஒரு கால் ரோட்டுல. அப்போ பட்டறையில மிக்கேல் டேங்க்குக்குள்ள விளக்கடிச்சுப் பாத்துக்கிட்டே சொல்றாரு. "உள்ள முழுக்கத் துருடே. அந்தத் துருவுக்குள்ள பெட்ரோலு ஒளிஞ்சு கெடக்கு. பித்தளைக் குடத்துக்குப் போடுத மாதிரி புளியக் கரைச்சு ஊத்தினா துரு உதுந்துரும். ஆனா இந்நேரம் கடை அடச்சுக் கெடக்கே, புளிக்கு எங்க போவ?"

புளி எங்க இருந்துச்சு தெரியுமா? அந்தப் பைக்குள்ள. மசக்கைக்காரிக்குப் பிடிக்குமேன்னு உலகம்மாள் தன் வீட்டு மரத்துப் புதுப்புளியை ஒரு சட்டி நிறைய அமுக்கிக் கொண்டாந்திருந்தா. காலையில குடுத்தப்ப, பெட்ரோல் வாசத்துல அதையும் சந்தனமாரியால தின்ன முடியல. அப்படியே பையில கிடக்கு.

கண்டக்டர் விசிலை வாயில வச்சுக்கிட்டு, "ஏறுதியளா, எறங்குதியளா?"ன்னு கேட்டாரு.

உலகம்மாள் மகளைப் பாத்தா. பொய் சொல்லாம, அழுகையும் வராம, பையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. உலகம்மாள் படியில வச்ச காலைக் கீழ எடுத்தா.

"நீரு போவும்."

டிர்ர்ர்... பஸ் போயிருச்சு.

உலகம்மாள் விறுவிறுன்னு ரோட்டைத் தாண்டிப் பட்டறைக்கு வந்து, புளிச்சட்டியை டக்குன்னு வச்சா. மந்திரமூர்த்திக்கு ஒண்ணும் புரியல. "என்ன அத்த, எறங்கிட்டிய?"

"நீங்க கண்ணச் சிமிட்டினத நானும் பாத்தேன் மாப்பிள. வாளிய எடுங்க."

தூங்கிட்டியா?

"ம்ம். இல்ல. சொல்லு அத்தை."

மூணாவது தடவை. சட்டிப் புளியில முக்காவாசியைச் சுடுதண்ணியில கரைச்சாங்க. டேங்க்குல ஊத்தி, ரெண்டு கை பொடிக் கல்லையும் போட்டு, மூடியைப் போட்டு, ஓட்டையை விரலால அடைச்சுக்கிட்டுக் குலுக்கினாங்க. கடகட கடகட. மந்திரமூர்த்தி குலுக்கினான், மிக்கேல் குலுக்கினாரு. "இதுதான் குலுக்குத லட்சணமா?"ன்னு பிடுங்கி உலகம்மாள் குலுக்கினா பாரு, கடகடகடகட! உள்ள இருந்த கல்லுக்கே தலை சுத்தியிருக்கும். கவுத்துனா, ரசம் மாதிரி செவசெவன்னு தண்ணி வருது. திரும்ப ஊத்தி, திரும்பக் குலுக்கி, கடைசியில தண்ணி தெளிஞ்சு வந்துச்சு. உள்ள விளக்கடிச்சுப் பாத்தா தகரம் பளபளன்னு சிரிக்குது.

எல்லாரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாத்தாங்க. சந்தனமாரி மூச்சை இழுத்தா. உவ்வே வரல. எந்திரிச்சா. ரோட்டுல பாதி தூரம் வந்து இழுத்தா. அப்பவும் வரல. பட்டறை வாசலுக்கே வந்துட்டா.

"என்ன தாயி?" மிக்கேல் கழுத்தை நீட்டிக் கேட்டாரு.

"புளி வாசம் வருது."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல." அப்புறம் எச்சிலை முழுங்கிக்கிட்டு, "யம்மா, அந்தச் சட்டியில மிச்சம் இருக்கா?"

உலகம்மாள் ஒரு கொட்டப்புளியை எடுத்தா. மந்திரமூர்த்தி சட்டைப்பையில கைய விட்டான். உப்பு விக்கிறவன் பையில உப்புக்கா பஞ்சம்? ரெண்டு கல்லு வச்சுக் குடுத்தாங்க. அவ கண்ணை மூடிக்கிட்டுச் சப்புக் கொட்டித் தின்னா. எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. தங்குமா? தங்காதா?

தங்கிருச்சு.

"இன்னும் கொஞ்சம்," அப்படின்னு கைய நீட்டினா.

அப்புறம்தான் வேலை. அவளை வாசம் போகாத பக்கமா, தூரத்துல உக்கார வச்சாங்க. ஓட்டை மேல வர மாதிரி டேங்க்கைத் திருப்பி, ஓட்டைக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் தண்ணி ஊத்தினாங்க, உள்ள ஆவிக்கு இடமே இருக்கக் கூடாதுன்னு. மந்திரமூர்த்தி முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டான். மிக்கேல் சிலுவை போட்டுக்கிட்டு நெருப்பைக் கொளுத்தினாரு. புஸ்ஸ்ஸ்... நீலமா ஒரு நாக்கு. டமார் இல்ல, டிமீர் இல்ல. பித்தளைக் கம்பி உருகி, தேன் மாதிரி ஓட்டையில இறங்கி, உக்காந்துக்கிச்சு. மிக்கேல் தன்னோட ஒத்தைப் புருவத்தைத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு. இருந்துச்சு.

தண்ணியக் கொட்டிக் காய வச்சு, மந்திரமூர்த்தி வீட்டுலருந்து உருட்டிக்கிட்டு வந்த வண்டியில மாட்டிப் பெட்ரோலை ஊத்தி, அடியில ஒரு காயிதத்தை விரிச்சாங்க. சொட்டு விழல. காயிதம் காஞ்சே கிடந்துச்சு.

"அத்தை... அந்தப் பாப்பா நானா?"

சே, நீ எங்க? உங்க அப்பாகிட்ட அப்ப சைக்கிள்தான் இருந்துச்சு. இது வேற ஊரு, வேற பாப்பா.

"ம்..."

அப்புறம் உலகம்மாள் மருமகன்கிட்டச் சொன்னா, "இனிமே டேங்க் மேல மூட்டை வச்சத நான் பாத்தேன், அடுத்த பஸ்ஸுக்கு வந்துருவேன்." அவன் சரி அத்தன்னு தலையாட்டினான். சந்தனமாரி பெரிய உப்புப் பொட்டலமாக் கட்டி அம்மா கையில குடுத்தா. அம்மா மிச்சப் புளியை மகள் மடியில போட்டா. மிக்கேல் பட்டறையச் சாத்திட்டு, "வாரேன் ஆச்சி"ன்னு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே போனாரு. உலகம்மாள் இந்தத் தடவை சண்டைக்குப் போகல.

"மெயின் ரோட்டுல வேற பஸ்ஸு வரும், வண்டியில கொண்டு விடுதேன் அத்த," அப்படின்னான் மந்திரமூர்த்தி.

"அந்த வண்டியிலயா? எனக்குக் காலு இருக்கு மாப்பிள. நீங்க அவளப் பாருங்க."

அவங்க ரெண்டு பேரும் ஓட்டை அடைச்ச டேங்க்கோட வண்டியை உருட்டிக்கிட்டு வீட்டைப் பாக்கப் போனாங்க. உலகம்மாள் உப்புப் பொட்டலத்தை இடுப்புல இடுக்கிக்கிட்டு, உப்பளத்து வரப்பு மேல மெயின் ரோட்டைப் பாத்து நடந்தா. பாதி தூரம் போகையில பின்னால தூரத்துல ஒரு சத்தம் கேட்டுச்சு. "உப்போய்... கல்லுப்போய்..." அவளுக்குக் கேக்கணும்னே குடுத்த சத்தம். உலகம்மாள் திரும்பிப் பாக்கல. ஒரு கையை மட்டும் மேல தூக்கிக் காட்டிட்டு, நடந்து நடந்து நடந்து போயிட்டா.

குட்டி?

சரி. அவ பத்திரமா ஊரு போய்ச் சேந்தா, கதையும் போய்ச் சேந்துச்சு. தூங்கு.