தையல்காரர் கட்டிய பூச்சி

“மறுபடியும் பிரிஞ்சு போச்சுங்க அம்மிணி” என்று சென்னியப்பன் உள்ளங்கையை நீட்டினார்.

கையில் ஒரு தூண்டில் முள். காலையில் அவர் அதன் மேல் சுற்றிக் கட்டிய பழுப்பு நூலும் சேவல் இறகும் பாதி பிய்ந்து தொங்கின.

மாதி வாங்கிப் பார்த்தாள். “நல்லா இருக்கு மாஸ்டர்.”

திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் தூண்டிலோடு ஏரிக்குப் போய்விட்டாள்.

பிய்ந்து தொங்குவதில் நன்றாக இருக்க என்ன இருக்கிறது? அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சென்னியப்பனுக்கு அறுபத்தோரு வயது. கோபிச்செட்டிபாளையத்தில் முப்பத்தைந்து வருஷம் தையல் கடை வைத்திருந்தவர். சட்டை கிழிந்தாலும் அவர் தைத்த பட்டன் கழலாது என்று ஊரில் பேர். போன வருஷம் கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு கல்யாணச் சட்டையில் பட்டன் மாட்டும் காஜா கோணிப்போனதும் கடையைப் பூட்டிவிட்டார். கோயம்புத்தூருக்கு வந்து சும்மா உட்காருங்கள் என்றான் மகன். அந்தச் ‘சும்மா’வை நினைத்தால்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

மலைமேல் ஏரியில் ட்ரவுட் மீனுக்குப் பொய்ப் பூச்சி கட்டுகிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு அப்போதுதான் கிளம்பி வந்தார். அவள்தான் மாதி. அவருக்கு மகள் வயது இருக்கும்.

தண்ணீருக்கடியில் ஊரும் குஞ்சுப் பூச்சியைப் போல, முள்ளில் நூலையும் இறகையும் சுற்றிக் கட்ட வேண்டும். நிம்ஃப் என்று பெயர். நெல்மணி அளவுதான் இருக்கும். அப்படி ஒன்றைக் கட்டி, அதில் ஒரு மீனையும் பிடித்துவிட்டால் தன் கை இன்னும் சாகவில்லை என்று அர்த்தம். அவராகவே தனக்கு வைத்துக்கொண்ட பரீட்சை அது.

நடுங்கும் மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஊன்றிக்கொண்டு கட்டவும் கட்டினார். ஆனால் இரண்டு மாதத்தில் ஒரு மீன்கூட அகப்படவில்லை. தூண்டிலை எடுத்துப் பார்த்தால் நிம்ஃப் மட்டும் பிரிந்திருக்கும்.

இரட்டை முடிச்சுப் போட்டார். மூன்று போட்டார். மேலே நெயில் பாலிஷ் தடவிக் காயவைத்தார். அப்போதும் பிரிந்தது.

ஒருநாள் யோசனை கேட்டதற்கு, பிரிந்ததையே மறுபடி தண்ணீரில் போடச் சொன்னாள் மாதி. தையல் விட்ட துணியை யாருக்கும் கொடுத்தறியாத மனுஷனிடம் சொல்கிற பேச்சா இது? சரி என்று தலையாட்டிவிட்டு, மறைவாகப் போய்ப் புதிதாகக் கட்டிக்கொண்டார்.

அவள் மீன் பிடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அது அவரை இன்னும் குழப்பியது. தண்ணீர் அசையாது. நூல் இழுபடாது. எதுவுமே நடக்காத நேரத்தில் தூண்டிலைத் தூக்குவாள், நுனியில் மீன் துள்ளும். எதைப் பார்த்துத் தூக்கினாள் என்று கேட்டால், தூக்கணும்போல இருந்துச்சு என்பாள். இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

மீன் முட்டையிடும் பருவம் நெருங்கியது. நாளையிலிருந்து ஏரியில் யாரும் தூண்டில் போடக் கூடாது என்கிற கடைசி நாள் காலை, மாதியின் முன்னால் போய் நின்றார்.

“இன்னைக்கு நீங்களே ஒண்ணு கட்டிக் குடுங்க அம்மிணி. அதுவும் பிரிஞ்சா தப்பு நூல் மேல. பிரியலைன்னா என் கை அவ்வளவுதான்னு மகன் வீட்டுக்குப் போயிடறேனுங்க.”

மாதி கட்டினாள்.

அவர் முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தார். குறடால் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. காஜா எடுக்க இப்படி ஒரு ஆள் கடையில் இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது. வயிறும் கொஞ்சம் எரிந்தது.

சாயங்காலம்வரை ஏரியோரம் உட்கார்ந்திருந்தார். மீன் இல்லை. தூண்டிலை இழுத்தபோது மாதி கட்டிய நிம்ஃபும் பிய்ந்து தொங்கியது.

முதலில் அற்பமாய் ஒரு சந்தோஷம் வந்தது. நாலு எட்டு நடப்பதற்குள் அது போய்விட்டது. அந்த முடிச்சு அவிழாது என்பதற்கு அவர் கையே சாட்சி. நூலைக் குற்றம் சொல்லவும் வழியில்லை, தினமும் அதே நூலில்தான் அவள் மீன் பிடிக்கிறாள். பிறகு எதைச் சொல்வது? மாதியிடம் போய் நிம்ஃபை நீட்டினார்.

“உங்க முடிச்சும் அவுந்து போச்சுங்க” என்றார்.

“எங்க அவுந்திருக்கு? காட்டுங்க.”

காட்டுவதற்கு விரலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். முடிச்சு கட்டியபடி இருந்தது. நடு உடம்பில்தான் நூல் அறுந்திருந்தது.

அவசரமாகச் சட்டைப் பையைத் துழாவித் தன் பழைய நிம்ஃபுகளை எடுத்தார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் முடிச்சு போட்ட இடத்திலேயே இருந்தது. இரண்டு மாதமாக ஒரு தடவைகூட அங்கே பார்க்கத் தோன்றவில்லை. நூல் தொங்கினால் முடிச்சு விட்டுப்போச்சு என்பதுதான் தையல்காரனுக்குத் தெரிந்த கணக்கு. பழியைக் கை மேலேயே போட்டுவிட்டார்.

“அப்போ எது அறுத்துச்சுங்க?”

மாதி தன் கூடையிலிருந்து அன்று பிடித்த மீன் ஒன்றை எடுத்தாள். கையைக் கொடுக்கச் சொன்னாள். மீனின் வாயைத் திறந்து, அவருடைய ஆள்காட்டி விரலை உள்ளே வைத்தாள். தாடையை அழுத்திக்கொண்டு மெல்ல விரலை வெளியே இழுத்தாள்.

விரலில் பொடிப்பொடியாகக் கீறல்கள், வரிசையாக. பக்கத்தில் பிய்ந்த நிம்ஃபை வைத்தாள். அதிலும் அதே கீறல், அதே இடைவெளி.

சென்னியப்பன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஏரியைப் பார்த்தார். மீன் வந்து கடித்துப் போனபோதெல்லாம் தூண்டிலைத் தூக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

“எத்தனை மீனுங்க அம்மிணி வந்திருக்கும்?”

“எனக்கு எப்படித் தெரியும் மாஸ்டர்? உங்ககிட்டதானே வந்துச்சு.”