ராஜா உட்கார்ந்திருந்த பெட்டி

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் தேரை விட்டுவிட்டுக் கார் ஓட்டப் பழகியிருந்த காலத்தில், கனகசேனன் என்றொரு அரசன் இருந்தான். அவனுக்கு ஒரே மகள். தலைநகரின் புகையில் இருமி இருமியே அந்தக் குழந்தை இறந்துபோனது. அடக்கம் முடித்து வந்த கையோடு அரசன் ஒரு சட்டம் போட்டான். கோட்டை வாசலில் எல்லா வண்டியும் நிற்க வேண்டும். புகைக்குழாயில் வெள்ளைத் துணியைக் கட்டி இன்ஜினை உறுமவிடுவார்கள். புதிதாக ஏதாவது பொருத்தினாலும் அதே சோதனைதான். துணி கறுத்தால் கடைசியாக வண்டியில் கைவைத்தவனுக்குத் தூக்கு. ஊரில் இருமல் குறைந்தது உண்மைதான். மெக்கானிக்குகளும் குறைந்தார்கள்.

அப்பேர்ப்பட்ட அரசனுக்கும் ஓர் ஆசை வந்தது. பக்கத்து நாட்டு ராஜா ஓட்டிச் சலித்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தளவாய் அரிமர்த்தனன் பேரம் பேசி வாங்கி வந்தான். அரசன் அதில் ஏறியவன் இறங்கவே இல்லை. வேகமாகப் போகும்போது மட்டும் மகளின் இருமல் தன் காதில் கேட்பதில்லை என்று ஒருமுறை விகடகவி கூத்தபிரானிடம் சொன்னான்.

சில நாளில் அந்த வேகமும் போதவில்லை. காருக்கு சூப்பர்சார்ஜர் வேண்டும் என்றான் அரசன். இன்ஜினுக்குள் காற்றை ஊதித் திணிக்கிற கருவி அது. காற்று கூடினால் வேகம் கூடும். அரண்மனை மெக்கானிக் சடையப்பன் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தினான். துணி கட்டினார்கள். கறுத்தது. சடையப்பன் கும்பிட்டான், அழுதான், அரண்மனைச் சோதனைக்கூடத்தில் முத்திரை வாங்கிய கருவிதான் சாமி என்று கதறினான். யார் கேட்டார்கள்? அவனை இழுத்துப்போனபோது சபை ஒரு மாதிரியாக இருந்ததால், சூழலை லேசாக்க ஏதாவது சொல்லும்படி அரசன் கூத்தபிரானைப் பார்த்தான். அவனும் ஏதோ சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கூத்தபிரானுக்குச் சோறு இறங்கவில்லை.

கருவியைக் கழற்றிப் போட்டாகிவிட்டது. அரசனின் ஆசையை யார் கழற்றுவது? மிச்சமிருந்த மெக்கானிக்குகள் இரவோடிரவாக எல்லை தாண்டிவிட்டார்கள். அப்போதுதான் தளவாய் எழுந்தான். விகடகவிக்குக் கிடைக்கும் விருந்தும் பட்டும் அவன் கண்ணை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தன.

"அரசே, எதற்கும் விடை வைத்திருப்பவர் நம் கூத்தபிரான். சட்டத்துக்கு உட்பட்ட கருவியை அவரே தேர்ந்தெடுக்கட்டுமே."

"நல்ல யோசனை," என்றான் அரசன். "கூத்தபிரானே, வணிகர்கள் கொண்டுவந்திருக்கும் பெட்டிகளில் ஒன்றை நீர் தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை என் முன்னிலையில் வண்டிக்குப் புகைச் சோதனை. துணி கறுத்தால் சடையப்பன் போன வழியில் நீரும் போவீர்."

"உத்தரவு, அரசே," என்றான் கூத்தபிரான்.

கார்க் கொட்டகையில் மூன்று வணிகர்கள் பெட்டியோடு காத்திருந்தார்கள். முதல் பெட்டி ஆள் உயரம்.

"இதப் போட்டா வண்டி பறக்கும் சாமி," என்றான் அதன் வணிகன்.

"முத்திரை எங்கேயப்பா?"

"முத்திரை இல்ல. பந்தயத் திடல்ல மட்டுந்தான் ஓட்டுவேன்னு ராஜா ஒரு கையெழுத்துப் போட்டுட்டா போதும். அப்புறம் எங்க ஓட்டுனா யாரு கேக்கப்போறா?"

"உனக்குக் கழுத்து ரெண்டு இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுக் கூத்தபிரான் நகர்ந்தான்.

இரண்டாம் பெட்டியில் முத்திரை இருந்தது. ஆனால் அது இதே காரின் முந்தைய மாடலுக்குக் கொடுத்த முத்திரை. "அண்ணனுக்குத் தச்ச சட்டை தம்பிக்குச் சேராதா?" என்று அந்த வணிகன் பல்லைக் காட்டினான். சட்டையாக இருந்தால் சேரும். இன்ஜின் வேறு என்றால் முத்திரையும் செல்லாது.

மூன்றாம் பெட்டி சிறியது. மற்ற இரண்டைவிட வேகம் குறைவுதான். ஆனால் இதே கார், இதே இன்ஜின் என்று பேர் போட்டு அரண்மனைச் சோதனைக்கூடமே முத்திரை குத்தியிருந்தது. கூத்தபிரானுக்கு மூச்சு வந்தது. இதுதான் என்று கையை வைத்தான்.

"சடையப்பண்ணனும் இதத்தான் எடுத்தாரு," என்றான் வணிகன், தரையைப் பார்த்துக்கொண்டு.

வந்த மூச்சு நின்றுவிட்டது. "இதேதானா?"

"இதேதான். எங்கிட்டதான் வாங்குனாரு. எத்தனையோ காருக்குக் குடுத்திருக்கேன், ஒரு துணிகூடக் கறுத்ததில்ல. காரு பொறந்தப்ப இருந்த புகை வடிகட்டி மட்டும் அடியில அப்படியே இருக்கணும். அது இருந்தா இந்தக் கருவி வம்பு பண்ணவே பண்ணாது."

கூத்தபிரான் பட்டு வேட்டியோடு தரையில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் தலையை நுழைத்தான். வடிகட்டி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் பக்கத்து நாட்டுப் பட்டறையின் சேவல் சின்னம். வேகத்துக்காக அந்த ராஜா வடிகட்டியை எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறான். கார் வந்த நாளிலிருந்தே புகைதான் கக்கிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவனுக்குப் பின்னால் வரும் புகை தெரிவதில்லை. பார்த்தவர்களுக்கோ அரசனிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஆக, சடையப்பன் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தான். காருக்கு அடியில் படுத்தபடியே கூத்தபிரான் அழுதான். இப்போதே போய்ச் சொல்லலாம். ஆனால் வடிகட்டியைக் கழற்றியதே நீதான் என்று தளவாய் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்றாம் பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே தூக்கிவரச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை அரண்மனை முற்றம் நிரம்பியிருந்தது. ஓரத்தில் புதுக் கயிறோடு தூக்கிலிடுபவன் நின்றான். கூத்தபிரான் ஒரு மேடையில் பட்டு விரித்து அரசனை உட்காரவைத்தான். காரை முடுக்கினார்கள். இன்ஜின் உறுமியது. குழாயில் கட்டிய வெள்ளைத் துணியை அவிழ்த்து உயர்த்திக் காட்டினார்கள். கன்னங்கரேலென்று இருந்தது.

"பார்த்தீர்களா அரசே!" என்று தளவாய் துள்ளினான். "இவர் தேர்ந்தெடுத்த கருவியின் லட்சணம்! எங்கே அந்தக் கயிறு?"

"கயிறு எங்கும் போய்விடாது, தளவாயே," என்றான் கூத்தபிரான். "அரசே, அடியேன் தேர்ந்தெடுத்த கருவியைத் தாங்கள் பார்க்க வேண்டும். சற்று எழுந்தருள வேண்டும்."

அரசன் புரியாமல் எழுந்தான். கூத்தபிரான் பட்டை உருவினான். அரசன் அதுவரை உட்கார்ந்திருந்தது ஒரு மரப்பெட்டி. அதன் மேல் அரண்மனை முத்திரை உடையாமல் இருந்தது.

"கருவி இதற்குள்தான் இருக்கிறது. தேர்ந்தெடுக்க ஆணையிட்டீர்கள், தேர்ந்தெடுத்தேன். வண்டிக்குச் சோதனை என்றீர்கள், நடந்துவிட்டது. பொருத்து என்று எனக்கு யாரும் ஆணையிடவில்லை. தங்களுக்கு அடியில் இருந்த கருவி துணியை எப்படிக் கறுக்கவைத்தது?"

"அப்படியானால் கோளாறு வண்டியில்தான்," என்றான் அரசன் மெதுவாக.

"வண்டியில் ஏதோ ஒன்று குறைகிறது, அரசே."

"எல்லாம் இவர் வேலை!" என்று தளவாய் கத்தினான். "கொட்டகையில் இருந்தபோது இவரே வடிகட்டியைக் கழற்றியிருப்பார்!"

அரசன் அவன் பக்கம் திரும்பினான். "ஏதோ ஒன்று என்றுதானே அவர் சொன்னார்? வடிகட்டி என்று உமக்கு எப்படித் தெரியும்?"

அரசனே குனிந்து காரின் அடியில் பார்த்தான். சேவல் சின்னம் அவனுக்கும் தெரிந்தது. வடிகட்டி இல்லாத வண்டி என்று தெரிந்தேதான் தளவாய் வாங்கியிருக்கிறான். சடையப்பன் கதறியபோதும் பக்கத்திலேயே வாய்மூடி நின்றிருக்கிறான்.

"இது கோட்டை வாசலைத் தாண்டி வந்தது எப்படி? அங்கே துணி கட்டவில்லையா?"

தளவாய் முழங்காலில் விழுந்தான். "கட்டத்தான் வந்தார்கள், அரசே. என் வண்டிக்கே சோதனையா என்று தாங்கள்தான்..."

அரசனுக்கு நினைவு வந்தது. துணியோடு ஓடிவந்த காவலனை விலகச் சொல்லிக் கையசைத்தவன் அவனேதான். அவன் கறுத்த துணியை வாங்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு தூக்கிலிடுபவனைப் பார்த்தான்.

"கூத்தபிரானே, சட்டப்படி கயிறு யாருக்கு?"

இந்தக் கேள்விக்குத் தவறான விடை சொன்னால் தளவாயின் தலையோடு தன் தலையும் போகும். சோதனையைத் தடுத்து வண்டியில் கைவைத்து ஓட்டியவர் ராஜாதான் என்று சரியான விடை சொன்னால் ராஜாவின் தலையே போகும். கூத்தபிரான் கயிற்றை வாங்கினான். சுருக்கை விரித்துக் காரின் முன்னால் இருந்த இழுவைக் கொக்கியில் மாட்டி இறுக்கினான்.

"குற்றவாளி இதுதான், அரசே. கழுத்து எங்கே இருக்கிறது என்றுதான் பிடிபடவில்லை. இங்கேதான் கயிறு நிற்கிறது. மறு நுனியைத் தளவாய் தோளில் போட்டுக் கோட்டை வாசல்வரை இழுத்துப் போகட்டும். உள்ளே வரும்போது விட்டுப்போன சோதனையைப் போகும்போதாவது முடித்துவிடலாம்."

தளவாய் இழுத்தான். தலைப்பாகை அவிழ்ந்தது, செருப்பு அறுந்தது, கார் ஓரடி நகர்ந்து நின்றது. மகள் போன பிறகு முதன்முறையாக அரசன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது, நீர் நிற்கவில்லை. தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டான்.

"இன்னும் என்ன வேண்டும், கேளும்."

"சடையப்பன் குற்றமற்றவன் என்று தெருத்தெருவாகப் பறையறையச் செய்ய வேண்டும், அரசே. சொல்வது அரசர் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்."

அன்று மாலையே பறை கிளம்பியது. மெக்கானிக்குகள் தெருவுக்கு வந்தபோது கூத்தபிரானும் கூடவே நடந்தான். சடையப்பன் பெண்டாட்டி பேச்சியம்மாள் வாசலில் நின்று கடைசிவரை கேட்டாள். கூத்தபிரானின் கழுத்து முத்துமாலையைப் பார்த்தாள்.

"அன்னிக்குச் சபையில நீங்களும் இருந்தீங்களாமே சாமி?"

"இருந்தேன்."

"அந்தாளு இவ்வளவு கதறியும், அன்னிக்கு என்ன சொன்னீங்க?"

எதற்கும் விடை வைத்திருந்த கூத்தபிரான் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பறை அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.