பதினெட்டாவது புளியங்கொட்டை

தாமிரபரணிக் கரையில் ஒரு மடம் இருந்தது. அதன் தலைவி சிவகாமி அம்மைக்கு நாற்பத்தொரு வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த கோமதிநாயகத்துக்கு அறுபது. முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது மடத்து வேனை ஓட்டுகிறார். ஒவ்வொரு ட்ரிப்பின் முடிவிலும் ஒரு பீடி என்று பழகிய வாய் அவருடையது.

அந்த வாயை அவர் பத்தொன்பது நாட்களுக்கு முன் மூடினார்.

மூடியது வாய்தான், உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை. நாக்கில் புண். காலைத் தேநீர் கழுநீராக இறங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் விரல்கள் வேறெதையோ தேடின. சட்னியில் உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு மனைவியின் கையிலிருந்து துணியை வாங்கித் தரையைத் துடைத்தார்.

பழைய காக்கிச் சட்டைக்கு இரண்டு பை. ஆசை வந்து அதை மறுக்கும் ஒவ்வொரு முறையும் வலது பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து இடது பையில் போட்டார். பீடிக்கட்டு குடியிருந்த பை அது. மறுநாள் விடிந்ததும் கொட்டைகள் வலது பைக்குத் திரும்பும். எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒன்றை விடுவதாகச் சங்கற்பம் எடுத்தவர் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், தாக்குப்பிடித்தால் பௌர்ணமிக் காலைப் பூசைக்குப் பிறகு அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். பிறந்ததிலிருந்தே எதையும் தொடாத உத்தமர்களுக்கும் உண்டு. அந்தப் பங்குனிப் பௌர்ணமியில் ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்குப் போர்த்தினார்கள். புகை என்றால் சாம்பிராணிப் புகை மட்டுமே அறிந்தவர்.

கோமதிநாயகம் எழுந்துபோய் வரிசையில் நின்றார்.

காரியஸ்தர் சபாரத்தினம் ஒலிபெருக்கியை அணைக்காமலே கேட்டார்.

"நீரு எதுக்கு வே நிக்கீரு?"

"பீடியை விட்டுப் பத்தொன்பது நாள் ஆச்சு."

"நாப்பத்தெட்டுல வாரும். இருபதாம் நாள் திரும்பப் பத்தவச்சவனை நான் நிறையப் பாத்தாச்சு."

"பொன்னாடை வேண்டாம். பேரை மட்டும் சொல்லும்."

"எதுக்குச் சொல்லணும்? கெட்டதைச் செஞ்சீரு, இப்போ செய்யலை. இதுல என்ன பெருமை? இதுக்குப் பேரு அகங்காரம். அது என்ன பையில, புளியங்கொட்டையா? பல்லாங்குழிக்கு ஆள் சேக்கீரா?"

கூட்டம் சிரித்தது. ஜவுளிக்கடைக்காரரும் பொன்னாடைக்குள்ளிருந்து சிரித்தார்.

கோமதிநாயகம் வாசலுக்கு வந்தார். எதிர்க்கடையில் ஒரு கட்டுப் பீடியும் ஒரு தீப்பெட்டியும் வாங்கினார். வாங்கியவர் அங்கேயே பற்றவைக்கவில்லை. மடத்தின் பின்புறத் தோப்புக்கு நடந்தார்.

பொன்னாடை நேரத்தில் அம்மை கூட்டத்தில் இருப்பதில்லை. தோப்பில்தான் இருப்பார். ஒரு மாதத்துக்கு முன் நட்ட தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கன்றுக்கும் வெயில் விழும் பக்கத்தில் ஒரு பனையோலை மட்டை ஊன்றியிருந்தது. ஒலிபெருக்கி தோப்புவரை கேட்கும்.

"அம்மா, ஒரு கேள்வி. பதில் வந்தா வேனை எடுக்கப் போறேன். வரலைன்னா இந்தக் கட்டைப் பிரிக்கப் போறேன்."

"கேளுங்க."

"பசியே இல்லாதவனைக் கூப்பிட்டு, நல்லா விரதம் இருந்தேன்னு மாலை போடுறாங்க. குடல் சுருண்டு நிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. அந்த ஜவுளிக்கடைக்காரர் எதைம்மா விட்டார்? எனக்கு நாப்பத்தெட்டாம் நாள் பொன்னாடை எதுக்கு? அன்னைக்கு நான் தேறியிருப்பேன். இன்னைக்குத்தானே செத்துக்கிட்டிருக்கேன்."

அம்மை குடத்தைக் கீழே வைத்தார். மண்டபத்தின் பக்கம் திரும்பிச் சபாரத்தினத்தைக் கூப்பிட்டார். மீந்த பொன்னாடைகளைக் கைமடிப்பில் அடுக்கியபடியே அவர் வந்தார். கோமதிநாயகத்தின் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். நான் அப்போதே சொன்னேனே என்றது முகம்.

"இந்த ஓலையெல்லாம் பிடுங்கிருங்க," என்றார் அம்மை.

"எந்த ஓலைம்மா?"

"கன்னுக்கு நட்ட ஓலை. எல்லாத்தையும்."

சபாரத்தினம் பொன்னாடைகளை வரப்பில் வைத்துவிட்டு முதல் ஓலையைப் பிடுங்கினார். கன்றின் இளங்குருத்தில் வெயில் விழுந்தது.

"பிடுங்கியாச்சு. இதை எங்க போட?"

அம்மை ஆற்றோரத்து மரங்களைக் காட்டினார். நாற்பதடி உயரம், குலை குலையாகக் காய். "அதுங்க உச்சியில கட்டுங்க."

சபாரத்தினம் அண்ணாந்து பார்த்தார். "காய்க்கிற மரத்துக்கு நிழல் எதுக்கும்மா?"

"அதுதானே காய்க்குது. மரியாதை பண்ண வேண்டாமா?"

"கன்னு கருகிப் போயிரும்மா. பங்குனி வெயிலு."

"நாப்பத்தெட்டு நாள் தாங்கட்டும். தாங்குனா ஓலையைத் திரும்ப நட்டுக்கலாம்."

"நாப்பத்தெட்டு நாள் தாங்குன கன்னுக்கு அப்புறம் ஓலை எது…"

சபாரத்தினம் வாக்கியத்தை முடிக்கவில்லை. கையிலிருந்த ஓலையைப் பார்த்தார். வரப்பில் கிடந்த பொன்னாடைகளைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஓலையைப் பழைய குழியிலேயே ஊன்றினார். நிழல் குருத்தின்மேல் விழுகிறதா என்று பார்த்து, மறுபடி சாய்த்து ஊன்றினார். அந்த வேலைக்கு அவ்வளவு நேரம் ஆகாது. கோமதிநாயகத்தின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பொன்னாடைகளை அள்ளிக்கொண்டு போனார்.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. பந்திக்கு எழுந்துபோய்க்கொண்டிருந்த கூட்டத்திடம், பந்தியில் ரசம் வந்துவிட்டது என்று அறிவிக்கும் குரலில், சபாரத்தினம் சொன்னார்: "கோமதிநாயகம். மடத்து வேன் ஓட்டுநரு. பீடியை விட்டுப் பத்தொன்பது நாள்."

யாரும் கைதட்டவில்லை. யாரோ ஒருவர் மட்டும் இருமினார்.

கோமதிநாயகம் நின்ற இடத்திலேயே நின்றார். கட்டு இன்னும் கையில் இருந்தது.

"பேரு வந்திருச்சும்மா. ஆனா கை நடுங்குறது நிக்கலை."

"நிக்காது. இன்னும் கொஞ்ச நாள் நடுங்கும்."

"அவர் சொன்ன இன்னொரு வார்த்தையும் உள்ள நிக்குது. அகங்காரம்னு சொன்னார். சாமியார் மடத்துல அது பெரிய வார்த்தைம்மா. ராத்திரி படுக்கும்போது இந்தக் கொட்டைகளைத் தொட்டுப் பார்க்கிறேன். சந்தோஷமா இருக்கு. அது தப்பா?"

"எடுங்க, பார்ப்போம்."

கோமதிநாயகம் இடது பைக்குள் கைவிட்டு எடுத்து, அம்மையின் உள்ளங்கையில் கொட்டினார். அம்மை ஒவ்வொன்றாக எண்ணினார். பதினேழு.

"இது எத்தனை நாளைக்கு?"

"இன்னைக்குக் காலையில இருந்து."

"மணி இன்னும் பன்னெண்டு ஆகலை."

"ஆகலைம்மா."

"கட்டைப் பிரிச்சாச்சா?"

அவர் குனிந்து பார்த்தார். நூல் அப்படியே இருந்தது. "இல்லை."

"அப்போ வலது பையில இருந்து இன்னொண்ணு எடுங்க."

அவர் எடுத்துக் கொடுத்தார். அம்மை அதை மற்றவற்றோடு சேர்த்து, பதினெட்டையும் அவர் இடது பையில் தானே போட்டார். கையில் ஒட்டியிருந்த மண்ணைக் காவிச் சேலையின் முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"இருபது வருஷத்துக்கு முன்னால, இந்தச் சேலையை எனக்குக் கொடுத்த அன்னைக்கு, வீடு வாசல் எல்லாம் வேண்டாம்னு நான் ஒரே ஒரு தரம் சொன்னேன்," என்றார் அம்மை. "அதுக்கே இன்னும் என் கால்ல விழுறாங்க."