வேம்பன் இடுப்புக் கயிறு

ஒரு கடலு, அந்தக் கடலுக்கு ஒரு கரை, அந்தக் கரையில ஒரு ஊரு, அந்த ஊர்ல வேம்பன்னு ஒருத்தன் இருந்தான். ஊர்ல எல்லாரும் முத்துக் குளிக்கிறவங்க. வேம்பன் மட்டும் கரையில உக்காந்து சிப்பி பிளப்பான். ஏன்னா பயம். அலையைப் பாத்தா பயம், ஆழத்தை நினைச்சா பயம், படகு ஆடுனா அதுவும் பயம். சிரிக்காதீங்க. அவன் அப்பன் கடல்ல போனவன், திரும்பல.

அந்தத் துறைக்கு ஒரு சம்மாட்டி, படகெல்லாம் அவனோடது, பேரு கருமலை. எடுக்குற சிப்பியில பெரும்பங்கு அவனுக்கு, உயிரைக் குடுத்து முங்குனவனுக்கு மிச்சம் மீதி. ஆளு குறைஞ்சா, "எங்கடா அந்த வேம்பன்? இழுத்துட்டு வாங்கடா"ன்னு கத்துவான். அந்தச் சத்தம் கேட்டதும் வேம்பன் ஓடிப்போயி ஊருணித் தண்ணியில முங்கிக்குவான். ஆளுங்க வந்து தேடுவாங்க, வெத்தலை போடுவாங்க, ஊர்வம்பு பேசுவாங்க, கிளம்பிப் போவாங்க, அப்புறம்தான் இவன் தலையைத் தூக்குவான். இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சே அவனுக்கு ஒரு மூச்சு வளர்ந்துபோச்சு, அந்தக் கரையில எவனுக்கும் இல்லாத மூச்சு. அது அவனுக்கே தெரியாது.

அப்படி இருக்கையில, அந்த நாட்டு ராணி படகுல உல்லாசமாப் போனாங்க, போகும்போது அவங்க அம்மா குடுத்த வெள்ளி வெத்தலைப்பெட்டி கை தவறிக் கடல்ல விழுந்துச்சு, விழுந்ததும் எங்கேன்னா, பேய்மடுவுல. அங்க ஆழமும் அதிகம், இருட்டும் அதிகம். பெட்டி வந்தாத்தான் சாப்பிடுவேன்னு ராணி முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. ராஜா பாவம் என்ன செய்வாரு, "பெட்டியை எடுத்துக் குடுக்குறவனுக்கு இந்தத் துறையையே குடுக்குறேன்"னு தண்டோரா போட்டுட்டாரு.

ஒருத்தன் முங்குனான், வெறுங்கையோட வந்தான். இன்னொருத்தன் முங்குனான், வெறுங்கையோட வந்தான். மூணாவது ஒருத்தன் முங்குனான், வெறுங்கையோட வந்து காய்ச்சல்ல படுத்துட்டான்.

துறை கைவிட்டுப் போயிடுமோன்னு பயந்து, முங்க வேற ஆளும் இல்லாம கருமலை மறுபடி வேம்பனைத் தேட, வேம்பன் மறுபடி ஊருணியில முங்க, தேடுன ஆளுங்க அலுத்துப்போய்த் திரும்ப, இவன் தலையைத் தூக்குனா எதுக்க ஒருத்தி குடத்தோட நிக்கிறா. அவ குருவம்மா, கருமலையோட தங்கச்சி. கட்டிக்குடுத்தா வீட்டு வேலைக்கு ஆள் போயிடும்னு அண்ணன் அவளுக்குக் கல்யாணமே பண்ணி வைக்கல.

"என்னய்யா, நான் குடம் விளக்கி, தண்ணி மொண்டு, தலையும் பின்னியாச்சு. நீ மனுசனா, ஆமையா?"

"அண்ணன்கிட்ட சொல்லிடாத தாயி."

"இவ்வளவு மூச்சை வச்சுக்கிட்டு பேய்மடுவுக்குப் போகாம இங்க ஏன்யா தவளைகூட குடித்தனம் பண்ற?"

"என் கயிறைப் பிடிக்க யாரு இருக்கா?"

அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு, கேட்டுக்கோங்க. முங்குறவன் இடுப்புல ஒரு கயிறு, சிப்பிக் கூடைக்கு ஒரு கயிறு. இடுப்புக் கயிறைப் பொண்டாட்டியோட கூடப்பிறந்தவன்தான் படகுல இருந்து பிடிக்கணும், வேற யாரும் தொடக்கூடாது. ஏன்னா, கூடப்பிறந்தவ தாலி அறுக்குறதை எவனும் விரும்ப மாட்டான். வேம்பனுக்குப் பொண்டாட்டியும் இல்ல, மச்சானும் இல்ல.

"அப்ப என்னைக் கட்டிக்கோ. என் அண்ணன் பிடிப்பான்"னா குருவம்மா.

வேம்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "எனக்குக் கல்யாணம்னாலும் பயம். பயம் கொஞ்சம் தெளியட்டும், அப்புறமா..."

"பயமே இல்லாத ஒரு நாள் உனக்கு வருமாய்யா?"

வேம்பன் நல்லா யோசிச்சான். "வராது"ன்னான்.

"எனக்கும் வராது. என் அண்ணன் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுதான் கேக்குறேன். இதை விட்டா நீ சிப்பிக் குவியல்ல, நான் அடுப்படியில. அவ்வளவுதான் நம்ம ரெண்டு பேரு காலமும்."

வேம்பன் தலையாட்டுனான். விஷயம் கருமலை காதுக்குப் போச்சு. அவன் மனசுக்குள்ள ஒரு கணக்கு போட்டான், போட்டுட்டு, "தாராளமாக் கட்டிக்கோ மாப்ள"ன்னு பல்லெல்லாம் தெரியச் சிரிச்சான். கரையிலேயே ஒரு மஞ்சக்கயிறு, ஒரு குலவை, முடிஞ்சது கல்யாணம்.

"அண்ணே, என் தாலி உன் கையிலதான்"னா குருவம்மா.

"அடி போடி, எனக்குச் சொல்லித் தரணுமா?"

சின்ன வள்ளம், ரெண்டே பேரு. வள்ளத்துல ஏறும்போது, திரும்பிடலாமான்னு நினைச்சான் வேம்பன். திரும்பல. பேய்மடு வந்ததும், திரும்பிடலாமான்னு நினைச்சான். திரும்பல. ஆளைக் கீழ இழுக்குற கல்லைக் காலுக்குக் கொடுத்து இறங்கி, இருட்டு மேல கவியும்போது, திரும்பிடலாமேன்னு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. அங்க திரும்புறதுக்கு என்ன இருக்கு, தடவுனான். பாறை, பாசி, மணல். தடவித் தடவி, கடைசியில கைக்கு வழுவழுன்னு ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. பெட்டி! கூடையில போட்டு, கூடைக்கயிறை ஆட்டுனான்.

கூடை மேல போச்சு. இனி நம்மளை இழுப்பாரு மச்சான்னு இவன் காத்திருந்தா, இடுப்புக் கயிறு தொளதொளன்னு தலைமேல வந்து விழுது. அந்தப் பாவி கத்தியால அறுத்துட்டான். அண்ணன்னா இப்படித்தான் இருப்பான்னு நம்பி ஏற்படுத்துன வழக்கம் அது. இவன் அப்படி இல்ல.

கருமலை தன் மேல ரெண்டு செம்பு கடல்தண்ணியை ஊத்திக்கிட்டுக் கரைக்கு வந்தான், அங்க காத்திருந்த ராஜா கையில பெட்டியைக் குடுத்தான். "நான்தான் முங்கி எடுத்தேன் மகராசா. வேம்பன் அங்க போனதும் நடுங்கிட்டான். சரி நீ கயிறைப் பிடின்னு அவன் கையில குடுத்துட்டு நான் இறங்குனேன். ஏறி வந்து பாக்குறேன், ஆளைக் காணோம், பயத்துல கடல்ல விழுந்து போயிட்டான் போல."

அவன் பயந்தாங்கொள்ளின்னு ஊருக்கே தெரியுமே, எல்லாரும் தலையாட்டுனாங்க. குருவம்மா மட்டும் மஞ்சக்கயிறைப் பிடிச்சுக்கிட்டு முன்னால வந்தா.

"அண்ணே, உன் கயிறை யாரு பிடிச்சான்னு சொன்ன?"

"உன் புருசன்தான்."

"மகராசா, பொண்டாட்டியோட அண்ணன் தம்பிதான் கயிறு பிடிக்கணும். தங்கச்சி புருசன் கையில எவனும் குடுக்க மாட்டான். முங்குனவன் செத்தா துறையும் படகும் தங்கச்சி வீட்டுக்குல்ல வந்துடும்! ஒரு சிப்பியை விட்டுக்குடுக்காத என் அண்ணன், உயிரையா அவன் கையில குடுத்திருப்பான்?"

அவ பேசிக்கிட்டு இருக்கும்போதே அலையில இருந்து ஒருத்தன் தவழ்ந்து தவழ்ந்து வர்றான். வேம்பன்தான். எவ்வளவு ஆழத்துல இருந்து, எவ்வளவு தூரத்துக்கு நீந்தி வந்திருக்கான். இடுப்புல பாதிக் கயிறு, நுனியில கத்தி பட்ட வெட்டு. குருவம்மா ஓடிப்போய்த் தாங்கிக்கிட்டா.

"பயந்தியாய்யா?"

"ரொம்ப."

ராஜா அந்த வெட்டைத் தடவிப் பாத்தாரு. அப்புறம் கருமலையைப் பாத்துச் சொன்னாரு, "துறை வேம்பனுக்கு. உனக்கு வேற தண்டனை ஒண்ணும் வேண்டாம். நீ சொன்ன மாதிரியே நடக்கட்டும். இனிமே நீ முங்கு, உன் கயிறை வேம்பன் பிடிப்பான்."

அன்னையில இருந்து கருமலை தினமும் முங்குனான். கூடையை அனுப்பிட்டு, இருட்டுக்குள்ள நின்னு அண்ணாந்து பாப்பான். இழுப்பானா? மாட்டானா? இழுப்பானா? வேம்பன் ஒருநாள்கூடத் தாமதிச்சதில்ல, பத்திரமா இழுத்துப் போட்டான். ஆனா அது கருமலைக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் அவன் செத்துத்தான் மேல வந்தான்.

வேம்பனுக்குப் பயம் போச்சான்னு கேக்குறீங்களா? எங்க போகும். பயம் பாட்டுக்கு இருந்துச்சு, அவன் பாட்டுக்குப் படகேறுனான். சிப்பியை எல்லாருக்கும் சரிபங்காப் பிரிச்சான். குருவம்மா அடுப்படியை விட்டுத் துறைக்கு வந்து அவன் பக்கத்துல நின்னா.

வாய்ப்பு வரும்போது பயமும் கூடவே வரும் கண்ணுங்களா, ரெண்டுல ஒண்ணை மட்டும் வாங்கிக்க முடியாது. அங்க அவங்க கரை சேந்தாங்க, இங்க கதையும் கரை சேந்துச்சு. தலையணையைத் தட்டிப் போட்டுக் கண்ணை மூடுங்க.