முதுகு நேரான வாத்து

ஏரிக்கரைக் காட்டில் முறுக்கன் என்றொரு குரங்கு இருந்தது. பிடித்துக்கொண்ட முதுகைச் சொடுக்கெடுப்பதில் அது படு கெட்டி. காட்டுப்பன்றியைக் குப்புறப் படுக்கவைத்து, முட்டியால் ஓர் அழுத்து அழுத்தும். ‘படக்’கென்று சத்தம் வரும். நொண்டிக்கொண்டு வந்த பன்றி நிமிர்ந்து நடந்து போகும்!

குளிர்காலத்தில் அந்த ஏரிக்கு வடக்கிலிருந்து வாத்துக் கூட்டம் ஒன்று வரும். வெயில் ஏறியதும் பெரிய மலைகளைத் தாண்டித் திரும்பிவிடும். அந்த வருடம் பனிமொழி என்ற வாத்து இறங்கும்போது கருவேல மரத்தில் மோதிக்கொண்டது. முதுகில் பலத்த பிடிப்பு. சிறகை விரித்தாலே வலித்தது.

மலைகளுக்கு அப்பால் இருந்த தன் ஏரியை நினைத்து நினைத்து அது ஏங்கியது. அங்கேதான் அது முட்டையிட வேண்டும். அங்கேதான் குஞ்சு பொரிக்க வேண்டும்.

“என்னை ஊர் போய்ச் சேர வைப்பீங்களா, அண்ணே?” என்று முறுக்கனிடம் கேட்டது.

“படும்மா!” என்றது குரங்கு.

படக்!

பனிமொழி மெல்லச் சிறகை விரித்தது. “அட, வலியே இல்லை!”

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கைராசி பெருகப் பெருக முறுக்கனுக்குப் பேச்சும் பெருகிவிட்டது. வயிறு வலித்த முயலுக்கும் முதுகுதான் காரணம் என்றது. தூக்கம் வராத அணிலுக்கும் முதுகுதான் என்றது.

“பசி, பலம், மூச்சு, எல்லாம் முதுகெலும்புக்குள்ளதான் இருக்கு. தினமும் வா. நடுவுல குனிஞ்சு மேயாதே, சிறகும் அடிக்காதே. நான் போட்ட அடுக்கு குலைஞ்சிடும்!” என்று பனிமொழியிடமும் சொன்னது.

பனிமொழி அப்படியே கேட்டது.

மற்ற வாத்துகள் வயல்வரப்பில் விழுந்து விழுந்து மேய்ந்தன. அந்தியில் ஏரியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. நெடும்பயணத்துக்கு முன்னால் வாத்துகள் எப்போதும் செய்கிற வேலை அது. பனிமொழி மட்டும் கழுத்தை நீட்டி, முதுகு வளையாமல் முறுக்கனின் மரத்தடியில் உட்கார்ந்திருந்தது.

அதன் துணை முகிலன் புல்லைக் கவ்விக்கொண்டு வந்தது. “ரெண்டு வாய் சாப்பிடேன். இளைச்சுப் போயிட்டே!”

“வேண்டாங்க. முதுகு நேரானா எல்லாம் நேராகும்னு அண்ணன் சொல்றாரு.”

“அந்த அண்ணன் இந்த மரத்தைத் தாண்டி எங்கேயாவது போயிருக்காரா?”

“கேலி பண்ணாதீங்க! உங்களுக்கு முன்னாடி நான் அங்கே போய் நிப்பேன் பாருங்க.”

ஒருநாள் காலையில் காற்று திரும்பியது. கூட்டம் எழும்பியது. பனிமொழியும் ஆசையோடு எழும்பியது. முதுகு துளிகூட வலிக்கவில்லை. ஆனால் ஏரியைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. அடுத்த வயலுக்கு மேலே சிறகு துவண்டது. அது சேற்றில் போய் விழுந்தது.

முகிலன் திரும்பி வந்து வட்டமடித்தது. “பனிமொழி! இன்னும் ஒரு தடவை எழும்பு!”

எழும்பிப் பார்த்தது. வரப்புவரைக்கும்தான் முடிந்தது.

“நீங்க போங்க,” என்றது பனிமொழி. “கூட்டத்தை விட்டுட்டா அந்த மலையைத் தனியா தாண்ட முடியாது.”

“உன்னை விட்டுட்டா?”

“போங்கன்னா போங்க!”

முகிலன் இன்னும் ஒரு வட்டம் அடித்தது. பிறகு கூவிக்கொண்டே போனது. அந்தக் கூவல் தேய்ந்து மறையும்வரை பனிமொழி வடக்கையே பார்த்துக்கொண்டு நின்றது.

முறுக்கன் ஓடி வந்தது. “என்னம்மா, திரும்ப வலிக்குதா?”

“இல்லைண்ணே. வலி உங்க கையாலதான் போச்சு. அதை எங்கேயும் சொல்வேன். ஆனா பலம் உங்க கையில இல்லை. அது இருக்குன்னு நீங்களும் சொன்னீங்க, நானும் நம்பினேன்.”

குரங்கு முதல்முறையாகத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டது.

கூட்டம் திரும்பி வரும் அடுத்த பனிக்காலம் வெகு தொலைவில் இருந்தது. பனிமொழி குனிந்து புல் மேய ஆரம்பித்தது. மேய்ந்துகொண்டே நடுநடுவே தலையைத் தூக்கி வெறும் வானத்தைப் பார்த்தது.

வலியைப் போக்கும் கை நல்ல கைதான்; ஆனால் உணவும் உழைப்பும் தரவேண்டிய பலத்தை அந்தக் கையிடம் எதிர்பார்ப்பவர் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர மாட்டார்.