ஷஹ்பா தராத வாரிசு

அந்தக் காலத்தில் விலங்குகளுக்குப் பேச்சு இருந்தது, கோவேறு கழுதைக்குக் குட்டியும் இருந்தது. சிலுவைக் கொடி பிடித்துக் கடல் தாண்டி வந்த பிரபுக்கள் ஷாம் என்னும் சிரியா தேசத்து மலைகளில் கோட்டை கட்டி, யார் பெரியவன் என்று அடித்துக்கொண்ட காலம் அது. பிரபுக்கள் கட்டினார்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கல்லைச் சுமந்தது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

சுமந்தவர்களில் ஒருத்தி ஷஹ்பா என்ற கோவேறு கழுதை. சாம்பல் நிறம், அகன்ற முதுகு. மலையின் பின்சரிவில் இருந்த சுனையிலிருந்து கோட்டைக்குத் தண்ணீர் ஏற்றுவது அவள் வேலை. அந்தச் சுனைக்கு ஒரு குணம் உண்டு. அதில் குளம்பை வைத்து ஒரு விலங்கு சொன்ன சொல் அதன் இனத்தின் உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டு யாரும் வாயைத் திறப்பதில்லை.

ஷஹ்பாவுக்கு ஸிம்ஸிம் என்று ஒரு மகன். அடுத்தது பெண்ணாக வேண்டும் என்று ஆசை. லூலூ என்று பெயர்கூட வைத்திருந்தாள்.

கோட்டைப் பிரபு செத்த மறுநாளே மகன்கள் இருவரும் மோதிக்கொண்டார்கள். மூத்தவன் கோத்தியே உள்ளே கதவைச் சாத்திக்கொண்டான். இளையவன் இம்பேர், அதுவரை எதிரி என்று சபித்துவந்த அமீர் கைமாஸோடு கைகோத்து, கீழே முற்றுகை போட்டான். மேய்ச்சலில் இருந்த ஸிம்ஸிமை அவன் ஆட்கள் ஓட்டிப் போய், மதிலை உடைக்கும் பொறிக்குக் கல் சுமக்க வைத்தார்கள். மகன் சுமந்த கல் மதிலை உடைக்கும். உடைந்ததைப் பூசத் தாய் தண்ணீர் சுமப்பாள்.

"உன் மகன் எதிரிக்கு உழைக்கிறானாமே!" என்று இளித்தது கோத்தியேயின் போர்க்குதிரை ரூஃபின். "கழுதைக்குப் பிறந்தவளுக்கு விசுவாசம் எங்கிருந்து வரும்?"

"என் அப்பன் கழுதைதான். அவன் சுமந்த கல்லு மேலதான் உங்க லாயம் நிக்குது. தள்ளி நில்லுங்க ஐயா, நீங்க குடிக்கிற தண்ணிதான் இது."

ஒருநாள் சண்டை ஓய்ந்தது. சகோதரர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அமீரும் விருந்துக்கு வந்தார். செய்தியை ரூஃபின்தான் கொண்டுவந்தது.

"கோட்டை மூத்தவருக்கு, ஊர்கள் இளையவருக்கு, சுங்கம் அமீருக்கு. நீ போடுற குட்டிங்க ஒரு வருஷம் இங்க, மறு வருஷம் அங்க. அடுத்த சண்டைக்குச் சுமக்க ஆள் வேணாமா? எவ்வளவு பெரிய கௌரவம் உனக்கு!"

"என்னைக் கேட்டாங்களா?"

"உன்னை எதுக்குக் கேக்கணும்?"

அன்று மாலை இரண்டு பக்கத்துக் கோவேறு கழுதைகளும் ஒரே சுனையில் தண்ணீர் குடித்தன. ஸிம்ஸிமின் முதுகில் தோல் இல்லை.

"நீ மேல இருக்கேன்னு தெரியும்மா," என்றான். "கல்லு தூக்கும்போதெல்லாம் நொண்டிக்கிட்டே நடந்தேன். கொஞ்சம் நேரமாவது போகட்டும்னு."

ஷஹ்பா அவன் புண்ணை நக்கினாள். பிறகு கரையில் நின்று "லூலூ" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு, குளம்பைத் தண்ணீரை நோக்கி நீட்டினாள்.

ஸிம்ஸிம் பதறினான். "அம்மா! தங்கச்சி வேணும்னு சொல்வியே?"

"வேணும்டா. அதனாலதான்."

குளம்பைத் தண்ணீரில் வைத்தாள். அவள் குரல் மேலே விருந்துக்கூடம்வரை கேட்டது. "நாங்கள் சுமப்போம். அது எங்கள் பலம். ஆனால் உங்கள் சண்டைக்கு எங்கள் வயிற்றிலிருந்து இனி ஒரு குட்டி வராது."

குளிர் அவள் காலில் ஏறி வயிற்றில் போய் நின்றது. மற்றவையும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின. ஸிம்ஸிமும் இறங்கினான். ஒன்றுகூடக் காலை எடுக்கவில்லை.

பிரபுக்கள் அடித்தார்கள், பட்டினி போட்டார்கள், பாதிரியாரைக் கூப்பிட்டு ஜெபிக்க வைத்தும் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. இன்று கோத்தியேயின் கோட்டையில் முள் மண்டிக் கிடக்கிறது; அவன் வம்சத்தின் பேர் சொல்ல அங்கே ஒருவனும் இல்லை. ஷஹ்பாவின் கூட்டமோ அதே பாதையில் தலை நிமிர்ந்து ஏறுகிறது. இன்னொரு கோவேறு கழுதை வேண்டும் என்றால், எப்பேர்ப்பட்ட ராஜாவும் முதலில் தன் பெண்குதிரைக்குத் துணை கேட்டு, கழுதையின் கொட்டில் வாசலில் போய் நிற்க வேண்டும். அன்று முதல்தான் அவள் இனம் எந்த எஜமானுக்கும் வாரிசு தருவதில்லை.